சும்மா தோளைத் தட்டாதீர்கள்

என் தங்கைக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. இதைச் சொன்னதும் உச்சுக் கொட்டுகிறவர்கள் இப்போதே கொட்டி முடித்துவிடுங்கள். அவளுக்கு அது தேவையில்லை, எனக்கு அது பிடிக்காது. நான் சொல்ல வந்தது அவள் காதைப் பற்றி இல்லை. அவள் போனைப் பற்றி.

எங்கள் வீட்டில் அவளைக் கூப்பிட ஒரே வழி, கிட்டப் போய்த் தோளைத் தட்டுவதுதான். சின்ன வயதில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது. பின்னால் போய்த் தட்டிவிட்டு, அவள் திரும்பினதும் ஒன்றுமில்லை என்று கையை விரிப்பேன். ஒரு நாள் அம்மா இதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த கரண்டிக் காம்பால் என் புறங்கையில் ஒன்று வைத்தாள். "உன்ன யாராச்சும் கூப்ட்டா நீ காதுல வாங்காத மாதிரி போயிடுவ. அவளால முடியாது, திரும்பித்தான் ஆவணும். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா தட்டாத" என்றாள். அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். புதிதாக யாராவது வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவோம்.

அந்தச் சட்டத்தை என் அண்ணன் மீறியதில்லை. என் வீட்டுக்காரர் மீறியதில்லை. தினம் சாயந்திரம் தள்ளாடிக்கொண்டு வரும் எதிர்வீட்டுக்காரர்கூட மீறியதில்லை. மீறியவர்கள் யார் தெரியுமா? ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிறேன் என்கிறவன். ரம்மி ஆடக் கூப்பிடுகிறவன். எப்போதோ ஒரு குக்கர் கேஸ்கட் வாங்கியதற்காக, அதற்கப்புறம் தினமும் கட்டில் வாங்கு, காதணி வாங்கு என்று பின்னாலேயே வருகிறவன். அவள் போன் அதிரும்போதெல்லாம் அது அவளுக்குத் தோளைத் தட்டுவதுதான். நமக்கு டிங் என்று ஒரு சத்தம் வரும், அரைக்காதில் கேட்டு விட்டுவிடுவோம். அவளுக்கு அரைக்காது கிடையாது.

எங்கள் ஊர் ஆரணி. நான் செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மாலையில்தான் இறங்குவேன். தங்கை பட்டு நெய்கிறாள். என்னைவிட நாலு வயது சின்னவள். அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாப்பாவுக்கு நன்றாகக் காது கேட்கும், கையால் என்னைவிட வேகமாகப் பேசுவாள்.

புருஷன் போனதும் அண்ணன்தான் தங்கையையும் பாப்பாவையும் தறியையும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் என்ன சாப்பிடுவது, பாப்பாவுக்கு எந்தச் சட்டை எடுப்பது, எந்தக் கல்யாணத்துக்கு இவளைக் கூட்டிப்போவது, எதற்கு வேண்டாம் என்பதெல்லாம் மற்றவர்கள் முடிவு. யாரும் அவளிடம் முரட்டுத்தனமாக நடந்ததில்லை. யாரும் அவளைக் கேட்டதும் இல்லை. ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்தவள், ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தானே போய் மூன்று தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள். தறி போட, உட்கார்ந்து கால் மிதிக்கப் பள்ளம் இருந்த வீடு. வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் பேசி முடித்தது அந்தக் குழந்தையின் வாய்.

அண்ணன் குதித்தான். காது கேட்காத பொம்பளை, சின்னக் குழந்தை, தனி வீடு, நாளைக்கு ஒன்று ஆனால் ஊர் யாரைக் கேட்கும் என்றான். இரண்டு வாரம் சண்டை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். "போன் எப்பவும் இடுப்புல இருக்கணும். டேட்டா எப்பவும் ஆன்ல இருக்கணும். நான் எப்ப வீடியோ போட்டாலும் எடுக்கணும். ஒரு நாள் எடுக்கலன்னாலும் தறியப் பிரிச்சி எடுத்துகினு வந்துடுவேன், சொல்லிட்டேன்" என்றான்.

இதை நான்தான் அவளுக்குக் கையால் சொன்னேன். அண்ணனுக்கு வா, போ, சாப்பிட்டாயா என்கிற நாலைந்து சாடைதான் தெரியும். பதினைந்து வயதிலேயே கடை வேலைக்குப் போய்விட்டான், கற்றுக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் நான். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கத்துவதில் பாதியை நான் கைக்குக் கொண்டுவர மாட்டேன். அவள் திட்டுவதில் பாதியை வாய்க்குக் கொண்டுவர மாட்டேன். குடும்பம் உடையாமல் நடக்க வேண்டுமே என்று நானே குறைத்துவிடுவேன். அன்றைக்கும் "தறியப் பிரிச்சி" என்பதை விட்டுவிட்டு, "அண்ணன் பயப்படுது, போன் பக்கத்துல வெச்சிக்கோ" என்றுதான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது, மறைத்ததாக நாம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, அந்தப் போன்தான் அவள் வீட்டுச் சாவி. அது இடுப்பில் இருந்து, கூப்பிட்டால் எடுத்துக்கொண்டிருக்கும் வரைதான் வீடு அவளுக்கு.

இப்போது அந்தப் போனுக்குப் போட்டிருந்த பிளானைச் சொல்கிறேன். பேசுவதற்கு அளவே கிடையாது, இந்தியா முழுக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். டேட்டா மட்டும் நாளுக்கு ஒரு ஜிபி. காது கேட்காத ஒருத்திக்கு அளவில்லாத பேச்சை வாரிக் கொடுத்து, அவள் கை பேசுவதற்கு மட்டும் அளவு வைத்திருக்கிறார்கள். வீடியோதான் அவளுக்குப் பேச்சு. பட்டனை அழுத்தி ஹலோ என்கிற நமக்குப் பேச்சு இலவசம், முகத்தையும் கையையும் காட்ட வேண்டிய அவளுக்குப் படி அளந்து ஊற்றுவது. மெசேஜ் அனுப்பக் கூடாதா என்று கேட்பீர்கள். அவள் எட்டாவது வரை படித்தவள், வாசிப்பாள். ஆனால் எழுத்துத் தமிழ் அவளுக்கு அந்நிய வீடு மாதிரி, இரண்டு வார்த்தைக்கு மேல் உள்ளே போகமாட்டாள். அதுவும் இல்லாமல் எஸ்எம்எஸ் பெட்டியை இன்றைக்கு யார் திறந்து பார்க்கிறார்கள்? ஊர் குப்பையெல்லாம் அங்கேதானே கொட்டிக் கிடக்கிறது.

தனி வீடு போன இரண்டாம் மாதம் ஒரு நாள் அவள் நெய்த புடவையை, பட்டு நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி திருப்பி அனுப்பினார். நெய்து அறுத்த புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே மெல்லிய கோடுகள். ஓட்டத்தில் நெய்துகொண்டே போனால் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரே சீராக விழும். நடுவில் கையை எடுத்து, காலை எடுத்து, மறுபடி ஆரம்பித்தால் அந்த இடத்தில் நூலை நெருக்கும் அடி மாறிவிடும், கோடு தெரியும். பத்து வருஷமாக அவள் புடவையில் அப்படி ஒரு கோடு விழுந்ததில்லை. என்னடி இது என்று கேட்டேன். அவள் புடவையை விரித்து, ஒவ்வொரு கோடாக விரலை வைத்துக் காட்டினாள்.

"இது கடன்காரன்" என்றாள். "இது தீபாவளித் தள்ளுபடி. இது யாரோ ஒரு நடிகைக்குக் கல்யாணம். இது திரும்பக் கடன்காரன். இது நீ."

நான் கூப்பிட்டது ஒரே ஒரு கோடு. மற்றதெல்லாம் கண்டவன் தட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடன்காரன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துகிறான். இங்கே ஒரு பெண் தறியிலிருந்து கையை எடுக்கிறாள், காலை எடுக்கிறாள், இடுப்பிலிருந்து போனை உருவுகிறாள், ஐந்து நிமிஷத்தில் ஐந்து லட்சம் என்று படிக்கிறாள். அவன் புடவையில் போட்ட கோட்டுக்கு முதலாளியிடம் பேச்சு வாங்குகிறவள் இவள்.

போனைத் தூக்கி எறிய முடியாது, நிபந்தனை இருக்கிறது. அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்களிடம் சொல்லவில்லை. நெய்கிற நேரத்தில் போனை இடுப்பிலிருந்து எடுத்து அலமாரி மேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்து, நூல் சுற்றிய வேறு தார் மாற்ற எழும்போது போய் ஒரு பார்வை பார்ப்பாள், உண்மையான ஆள் யாராவது கூப்பிட்டிருந்தால் திருப்பிக் கூப்பிடுவாள். நியாயமான ஏற்பாடு. அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று நாம் எத்தனை பேர் போனை எடுக்காமல் இருக்கிறோம், யாராவது நம் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்களா?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்த ஏற்பாடு உடைந்தது. காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பாப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். டீச்சர் பதறிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டார். அம்மாவுக்குக் காது கேட்காது என்பதால் பள்ளிக்கூடத்தில் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அண்ணன் தங்கைக்கு வீடியோ போட்டான். அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மறுபடி. எனக்குப் போட்டான், நானும் எடுக்கவில்லை. கம்பெனி வாசலிலேயே எங்கள் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், ஷிப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். அண்ணன் கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தறியில் நெய்துகொண்டிருந்தாள். போன் அலமாரி மேல் கவிழ்ந்து கிடந்தது.

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. காலையில் அவசரமாகத் தின்ற வாழைப்பழமும் பாலும் சேரவில்லை, அவ்வளவுதான். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். ஆனால் அண்ணனுக்கு அது போதவில்லை.

மூன்றரை மணிக்கு என் போன் பெட்டியிலிருந்து கைக்கு வந்தபோது அண்ணனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். பஸ்ஸில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழம வந்துடு" என்றான். "பேசி முடிச்சிடலாம். தறியக் கொண்டாந்துடறேன்."

"இன்னாணா ஆச்சி? பாப்பா எப்படிகீது?"

"பாப்பா நல்லாகீது. உன் தங்கச்சிதான் மகாராணி மாதிரி போன மேல தூக்கிப் போட்டுட்டு தறியில நெஞ்சிகினு இருக்கா. நான் பத்து தபா போட்டேன். இந்தப் பேஜார் எனக்குத் தேவையா?"

தங்கையைப் பார்க்கலாம் என்று பஸ்ஸிலிருந்தே வீடியோ போட்டேன். அவள் எடுத்தாள். ஆனால் படம் உறைந்து நின்றது. ஒரு கை மேலே, வாய் பாதி திறந்து, முகமெல்லாம் கட்டம் கட்டமாக. அரை நிமிஷம் கழித்து இன்னொரு கட்டம் கட்டமான முகம். அழுகிறாளா, கோபப்படுகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. அன்றைய ஒரு ஜிபி தீர்ந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து அவள் ஒருவரிடமும் வீடியோவில் பேசவில்லை. எப்படித் தீரும்? யார் தின்றது?

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேரே தங்கை வீட்டுக்குப் போய் அவள் போனை வாங்கிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற மொபைல் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. செட்டிங்கைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று அதில் வரிசையாக இருந்தது. முதலிடத்தில் அவளுக்குப் பேர்கூடத் தெரியாத ஒரு செய்தி ஆப். இரண்டாவது இடத்தில் குடும்ப குரூப்பில் வந்து தானாக இறங்கிய காலை வணக்கம் வீடியோக்கள். அப்புறம் யாரும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட மூன்று ஆப்கள். அவள் கை பேசியது கடைசியில், ஒரு ஓரத்தில்.

"இந்த நியூஸ் ஆப்ப நாங்க போடவே இல்லீங்களே" என்றேன்.

"போனோடயே வர்றதுக்கா அது. அழிக்க முடியாது. முடக்கித்தான் வைக்கணும்."

"எங்க காசு போட்டு வாங்கின போன்ல எங்களக் கேக்காம குடிவெச்சிட்டு, அழிக்கவும் முடியாதுன்னா இன்னாங்க நியாயம்?"

அவர் சிரித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள் போல. பிறகு விளக்கினார். "நீங்க ஸ்கிரீன ஆஃப் பண்ணிட்டா எல்லாம் தூங்குதுன்னு நெனைக்கிறீங்க. தூங்காதுக்கா. உள்ளுக்குள்ள ஒரு லைன் அவங்க கம்ப்யூட்டரோட பேசிகினே இருக்கும். ஏதாச்சும் இருக்கா, ஏதாச்சும் இருக்கான்னு. அந்த லைன்லதான் உங்க தங்கச்சிக்கு வீடியோ கால் வர்றதும். அந்த லைன்லதான் விளம்பரம் வர்றதும். லைன மொத்தமா வெட்டிட்டீங்கன்னா காலும் அடிக்காது."

எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது. உயிருக்கு ஒரு ஆபத்து என்றால் வருகிற வாசலும் அதே, ரம்மி ஆட வா என்கிறவன் வருகிற வாசலும் அதே. வாசலை அவன் அடைத்துக்கொண்டு நிற்கிறான். அதோடு நிற்காமல், வருகிற வழிக்கான செலவையும் நம் ஒரு ஜிபியிலிருந்து எடுத்துக்கொள்கிறான். கடைசியில் வீட்டுக்காரிக்கு மிச்சம் இருப்பது உறைந்துபோன ஒரு முகம்.

ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து, பின்னணியில் டேட்டா எடுக்காதே என்று அடைத்தோம். வீடியோ பேசுகிற ஆப்புக்கு மட்டும் திறந்துவிட்டு, அதிலும் படமும் வீடியோவும் தானாக இறங்காதபடி நிறுத்தினோம். அதிர்வு எல்லாவற்றுக்கும் ரத்து. அழைப்புக்கு மட்டும் உண்டு. அண்ணன், நான், பக்கத்து வீடு, முதலாளி என்று நாலு பேருக்கு மட்டும் நீளமான தனி அதிர்வு. வெளியே வரும்போது அந்தப் போன் முதல் தடவையாக என் தங்கையின் போன் ஆகியிருந்தது. கடைக்காரர் ஒரு யோசனையும் சொன்னார். "டேட்டா தீந்துட்டா சாதா கால்ல ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்கக்கா. அதுக்கு டேட்டாவே வேணாம். அதப் பாத்துட்டு நீங்க நேர்ல போயிடலாம்."

எவ்வளவு எளிது, இது நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே போய்த் தங்கையிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்தான். வாசலில் ஒரு மினி வேன் நின்றது. பேசி முடிக்கலாம் என்று சொன்னவன் வேனோடு வந்திருந்தான். தங்கை வேனைப் பார்த்தாள், போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டாள். நெய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் நடுவில் நின்றேன்.

அண்ணனிடம் நான் ஒரு மூச்சுப் பேசினேன். செய்தி ஆப், காலை வணக்கம், கடன்காரன், புடவைக் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு அவள் மேல் இல்லை, இப்போது எல்லாவற்றையும் சரிசெய்தாயிற்று என்றேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குமா? என் போன்ல இந்தத் தொல்லையே இல்ல. டேட்டாவ ஆஃப் பண்ணியே வெச்சிருப்பேன். மத்தியானம் சாப்ட்டுட்டு அர மணி நேரம் ஆன் பண்ணுவேன், அவ்ளோதான். கட்டுப்பாடா இருந்தா ஏன் தீரப்போவுது?" என்றான் பெருமையாக. பிறகு தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினான். "இவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். கூப்ட்டா எடுன்னு. அவசரத்துக்குக் கெடைக்காத ஆளு தனியா இருக்கக் கூடாது. சொல்லு அவகிட்ட."

வழக்கம்போலக் குறைத்துச் சொன்னேன். "அண்ணன் வருத்தப்படுது, கூட வந்து இருன்னு கூப்பிடுது" என்று கை காட்டினேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அது வருத்தப்படற முகமா?" என்று கேட்டாள். "முழுசாச் சொல்லு."

நாற்பது வயதில் என் தங்கையிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றேன். முழுதாகச் சொன்னேன். அவசரத்துக்குக் கிடைக்காத ஆள் தனியாக இருக்கக் கூடாதாம்.

அவள் தறியிலிருந்து எழுந்து வந்து, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அழைப்புப் பட்டியலைத் திறந்து விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் நீட்டினாள். ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். அண்ணனுக்கு வீடியோ, பதில் இல்லை. அண்ணனுக்கு வீடியோ, பதில் இல்லை. எனக்கு வீடியோ, பதில் இல்லை. திரும்ப அண்ணன். அப்புறம் சாதா காலின் பட்டியலைத் திறந்தாள். அதே நாள், அதே நேரம். அண்ணனுக்கு மூன்று. எனக்கு இரண்டு.

"இது இன்னா?" என்றான் அண்ணன்.

அவள் கைகள் பேச ஆரம்பித்தன. நான் அவளைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதை அவளாகவே வாயால் சொன்னேன். அன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்தது. வீடியோ போட்டேன். அண்ணனுக்குப் போட்டால் 'அழைக்கிறது' என்றே நிற்கும். அடுத்த முனையில் மணி அடித்தால் அந்த எழுத்து 'ரிங்கிங்' என்று மாறும். காது கேட்கிற உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எனக்கு அதுதான் தெரியும். அண்ணன் போனில் அது மாறினதே இல்லை. அதனால் சாதா கால் போட்டேன். ஒவ்வொன்றையும் அண்ணன் எடுக்காமலே கட் பண்ணியது.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "ஆமா" என்றான் மெதுவாக. "வந்துது. பாப்பா போன வெச்சி விளையாடுதுன்னு நெனச்சேன். இவளுக்குத்தான் காது கேக்காதே, இவ எதுக்கு சாதா கால் போடப் போறான்னு கட் பண்ணிட்டேன். மத்தியானம் டேட்டா போட்டப்ப வீடியோவும் காட்டிச்சி, அதுவும் பாப்பாதான்னு விட்டுட்டேன்."

அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வந்தது. பிறகு நின்றுவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கும் நினைவு வந்தது. மாலை பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது தங்கையிடமிருந்து ஒரு வீடியோ காலும் இரண்டு சாதா காலும் மிஸ்டு காலாக இருந்தன. பாப்பா விளையாடியிருக்கும் என்று நானும்தான் நினைத்தேன். அதே வார்த்தை. பஸ்ஸில் தூங்கிப் போய்விட்டேன். மூன்று நாளாக டேட்டா கம்பெனிக்காரனையும் கடன்காரனையும் திட்டிக்கொண்டு அலைந்த நான், அவள் தோளைத் தட்டினபோது திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அப்பறம் இன்னாடி பண்ண?" என்று அவளைக் கேட்டேன்.

"ஈரத்துணி போட்டேன். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதிக் காட்டினேன், காய்ச்சல், இழுப்பு என்று இரண்டே வார்த்தை. ஊசி போட்டார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்றாள். பாப்பாவிடம் யாருக்கும் சொல்லாதே என்று சொல்லி வைத்திருந்தாளாம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தால் அன்றைக்கே வேன் வந்திருக்கும்" என்றாள்.

பிறகு அவள் அண்ணனை நேராகப் பார்த்து, என்னையும் பார்த்து, கடைசியாக ஒன்று சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சாடையும் தெளிவாக விழும்படி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அண்ணனுக்குச் சொல் என்று என்னிடம் தலையை ஆட்டினாள். அதைக் குறைத்துவிடலாம் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது உண்மை. பழக்கம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைவதை வைத்து ஒரு வார்த்தை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"கூப்ட்டா எடுக்காத ஆளு தனியா இருக்கக் கூடாதுன்னா, அன்னிக்கு எடுக்காதது நீங்க ரெண்டு பேரும்தான்" என்று அண்ணனிடம் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் எப்ப வீட்டக் காலி பண்ணிட்டு, யார் வீட்ல வந்து இருக்கப் போறீங்கன்னு கேக்கறா."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான். வேன்காரரிடம் ஏதோ சொன்னான். வேன் காலியாகவே கிளம்பிப் போயிற்று. திரும்பி வந்தவன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து என்னிடம் நீட்டி, "டேட்டா ஆன்லயே இருக்கட்டும். இவ கூப்ட்டா மட்டும் அடிக்கிற மாதிரி போட்டுக் குடும்மா" என்றான். நான் அவனுக்குப் போட்டுக் கொடுத்தேன். என் போன் மறுநாள் காலையில் வழக்கம்போலப் பெட்டிக்குள் போயிற்று. கம்பெனி வாசலில் அதைப் போடுவதற்கு முன்னால் செக்யூரிட்டி ஆபீஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அங்கே அடித்தாலும் எடுத்துக் கேட்கிறவருக்கு என் தங்கை என்ன சொல்வாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.